சேலத்து வானம்: எந்த மாதம், மலையின் எந்தப் பக்கம்?

கேட்டவர் சேலம் அம்மாப்பேட்டையில் இருப்பவர். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு நட்சத்திரம் பார்க்கும் ஆசை வந்திருக்கிறதாம். அவர் கேட்டது நான்கு. வீட்டு மொட்டை மாடியிலிருந்து என்ன தெரியும்? ஏற்காட்டுக்குப் போனால் பால்வீதி தெரியுமா? எந்த மாதத்தில் எதைப் பார்க்கலாம்? டெலஸ்கோப் வாங்கலாமா? கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கையில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா வானத்துக்கு எழுதியவை. அதை வைத்துக்கொண்டு சேலத்தில் தேடினால் பாதி பொருந்தாது.

ஏற்காடு என்றதும் எல்லாரும் உயரத்தைத்தான் நினைக்கிறார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம், சுத்தமான காற்று, அதனால் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும் என்ற கணக்கு. அது பாதிதான் சரி. எந்த மாதம் போகிறீர்கள், மலையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள், அன்றைக்கு நிலவு எப்போது வருகிறது, இந்த மூன்றும் உயரத்தைவிட முக்கியம். அதிலும் திசையைத்தான் பலர் யோசிப்பதே இல்லை.

திசை ஏன் முக்கியம் என்றால், நாம் இருக்கும் இடம் அப்படி. சேலம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11.7 டிகிரியில் இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கு அடிவானத்திலிருந்து 11.7 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அந்த ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே தேட வேண்டும். கன்னங்குறிச்சி பக்கம் சேர்வராயன் மலையை ஒட்டி வீடு இருந்தால் மலையே அதை மறைத்துவிடலாம். அம்மாப்பேட்டையில் அந்தத் தொல்லை இல்லை. வடக்கே உயரமான கட்டடம் இல்லாமல் இருந்தால் போதும்.

வடக்கில் துருவத்தை ஒட்டிய கொஞ்சம் வானம் நமக்குத் தாழ்ந்து போகிறது, அவ்வளவுதான். அதற்குப் பதிலாகத் தெற்கில் கிடைப்பது ஏராளம். டெல்லியில் இருப்பவர் தென்சிலுவையை முழுதாகப் பார்க்கவே முடியாது. அதன் அடி நட்சத்திரம் அங்கே அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. நமக்கு அது 15 டிகிரி உயரத்தில், சிலுவையின் தலை 21 டிகிரியில். நமக்கு அடுத்த நட்சத்திரக் குடும்பமான ஆல்பா சென்டாரி 17 டிகிரியில். அகத்திய நட்சத்திரம் (கனோபஸ்) 25 டிகிரியில். வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகம் அமைக்க ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களில் இதுவும் ஒன்று: பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டும் அங்கே வசப்படும். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்த 1977 மார்ச் 10 நிகழ்வைக் காவலூர் டெலஸ்கோப்பும் பதிவு செய்தது. அந்த மலை நமக்கு வடகிழக்கே, திருப்பத்தூர் பக்கம்தான். அவர்கள் பார்க்கும் வானமும் நம் வானமும் ஏறக்குறைய ஒன்றே.

இப்போது ஏற்காட்டுக்கு வருவோம். ஏற்காட்டிலிருந்து பார்த்தால் சேலம் நகரம் தெற்கும் தென்மேற்குமாகக் கீழே கிடக்கிறது. நமக்குக் கிடைத்த பொக்கிஷம் முழுவதும் தெற்கே, தாழ்வாக இருக்கிறது. அந்தத் திசையில்தான் ஒரு மாநகரத்தின் வெளிச்சமும் மேலே எழுகிறது. லேடீஸ் சீட் என்ற வ்யூ பாயின்டில் இரவு நின்றால் சேலம் முழுக்க விளக்கு விளக்காகத் தெரியும். ஊரைப் பார்க்க அருமையான இடம். நட்சத்திரம் பார்க்க, குறிப்பாகத் தென்வானம் பார்க்க, அதைவிட மோசமான இடம் அந்த மலையில் இல்லை. தெருவிளக்குகள் சோடியம் மஞ்சளிலிருந்து வெள்ளை எல்இடிக்கு மாறிய பிறகு நிலைமை இன்னும் கெட்டது. வெள்ளை விளக்கில் இருக்கும் நீல ஒளி காற்றில் அதிகமாகச் சிதறும். பகலில் வானம் நீலமாகத் தெரிவதற்கு எது காரணமோ அதுவேதான் இதற்கும்.

அதனால் மலைமேல் போனால் கிழக்குச் சரிவையோ வடக்குப் பக்கத்தையோ தேடுங்கள். பகோடா பாயின்ட் இருக்கும் கிழக்குப் பக்கத்தில் சேலம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். மலையே அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைக்கும். கிழக்கே எழும்பி வரும் விண்மீன்களையும் தென்கிழக்கையும் பார்க்க அந்தப் பக்கம் நல்லது. சேர்வராயன் கோயிலுக்கு அப்பால் வடக்கே தள்ளிப் போனால் இன்னும் இருட்டு. சப்தரிஷி மண்டலம், ஆண்ட்ரோமெடா போன்ற வடக்கு வானத்துக்கு அது ஏற்ற பக்கம்.

ஆனால் இரவில் வ்யூ பாயின்டில் போய் நிற்பது என்ற திட்டமே வேண்டாம். காட்டெருமை நடமாட்டம் உள்ள மலை அது. இருபது கொண்டை ஊசி வளைவை மூடுபனியில் நள்ளிரவு இறங்குவதும் நல்லதல்ல. சாயங்காலமே மேலே போய், தங்கும் இடத்தின் முற்றத்திலிருந்தே பாருங்கள். முன்பதிவு செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள். திறந்த புல்வெளியோ மேல்தளமோ இருக்கிறதா? அது எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது? இரவு பத்து மணிக்கு மேல் தோட்ட விளக்குகளை அணைத்துத் தருவார்களா? காப்பித் தோட்டத்தின் நடுவே இருக்கும் வீடுகள் பகலில் அழகு. ஆனால் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று நின்று வானத்தில் முக்கால்வாசியை மூடிவிடும். கோடை விழா நடக்கும் நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். ஏரிக்கரை முழுக்க அலங்கார விளக்காக இருக்கும்.

தென்வானத்தை நன்றாகப் பார்த்தே தீர வேண்டும் என்றால் ஏற்காட்டை விட்டுவிட்டு ஆத்தூர் தாண்டிப் போங்கள். தம்மம்பட்டி பக்கத்து வயல்வெளிகளில் சேலம் மேற்கே தள்ளிப் போய்விடுகிறது. தெற்கே பெரிய ஊர் எதுவும் பக்கத்தில் இல்லை. அங்கே உறவினர் யாராவது இருந்து, கிணற்று மேட்டில் ஒரு கயிற்றுக் கட்டிலும் கிடைத்தால், 1,500 மீட்டர் உயரத்தில் கிடைக்காத தெற்கு அந்தச் சமவெளியில் கிடைக்கும்.

எந்த இடம் எவ்வளவு இருட்டு என்று அளக்க எளிய வழி ஒன்று உண்டு. தை, மாசியில் தலைக்கு மேல் நிற்கும் கார்த்திகைக் கூட்டத்தைப் பாருங்கள். எத்தனை நட்சத்திரம் பிரிந்து தெரிகிறது என்று எண்ணுங்கள். நகரத்துக்குள் அது ஒரு மங்கலான புகைத் திட்டு. உற்றுப் பார்த்தால் நாலு தேறும். நல்ல இருட்டில் ஆறு சுலபம், கூர்மையான கண்ணுக்கு ஏழுக்கு மேலும் வரும். மகளை எண்ணச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் கண்ணுக்கு நம்மைவிட அதிகம் தெரியும். ஒரே நிபந்தனை, வெளிச்சத்திலிருந்து வந்து குறைந்தது இருபது நிமிடம் கழித்து எண்ண வேண்டும். மங்கலான ஒளியைப் பிடிக்கும் கோல் செல்களில் உள்ள நிறமி மெதுவாகத்தான் சேரும். நடுவில் ஒரு முறை செல்போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். டார்ச்சுக்கு முன்னால் சிவப்பு பலூனோ சிவப்புக் கண்ணாடித் தாளோ கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு ஒளி அந்தச் செல்களை அவ்வளவாகக் கெடுக்காது.

சரி, மாதங்கள். சேலத்தில் வானம் பார்க்கும் ஆண்டு தை மாதத்தில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, காற்று தெளிந்து, மேகம் இல்லாத இரவுகள் வரிசையாகக் கிடைப்பது தை முதல் பங்குனி வரைதான். பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பதேகால் மணிக்கு மாடியில் தெற்கு நோக்கி நில்லுங்கள். முகத்துக்கு நேரே, இரண்டரை முஷ்டி உயரத்தில் ஒரு வெள்ளை நட்சத்திரம் தனியாக நிற்கும். அதுதான் அகத்தியர். அதே கோட்டில் இன்னும் மேலே, ஆறு முஷ்டி உயரத்தில் வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். வானத்தின் முதல் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் இந்தக் காட்சிக்கு மலை ஏற வேண்டியதில்லை, நகரத்துக்குள்ளேயே தெரியும்.

சிரியஸுக்கு மேலே மேற்காக, வேட்டைக்காரன் உருவமாகச் சொல்லப்படும் ஓரியன் விண்மீன் கூட்டம். அதன் தோளில் ஆரஞ்சு நிறத்தில் திருவாதிரை, எதிர்க் காலில் நீல வெள்ளையாக ரைஜல். இரண்டின் நிறத்தையும் மாறி மாறிப் பார்த்தால் நட்சத்திரங்களுக்கு நிறம் உண்டு என்பது மகளுக்குப் பாடம் சொல்லாமலே புரியும்: சிவந்தது வெப்பம் குறைந்தது, நீலம் அதிக வெப்பம். இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரம். அதற்குக் கீழே வாள் மாதிரி தொங்கும் இடத்தில் பைனாகுலரைப் பிடித்தால் ஒரு சாம்பல் பூச்சு தெரியும். நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகமான ஓரியன் நெபுலா அது. சுமார் 1,350 ஒளியாண்டு தூரம்.

நம் ஊருக்கென்றே ஒரு நட்சத்திரம் உண்டு என்றால் அது மகம். சிம்ம ராசியின் பிரகாசமான நட்சத்திரம், ரெகுலஸ் என்பார்கள். அதன் வான அட்சரேகை, அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோட்டிலிருந்து அது தள்ளியிருக்கும் அளவு, வடக்கே 12 டிகிரிக்கு ஒரு மயிரிழை குறைவு. சேலம் 11.7, ஏற்காடு 11.8. அதனால் மகம் நமக்கு அச்சு அசலாகத் தலைக்கு நேர் மேலே கடந்து போகும். பாயில் மல்லாந்து படுத்து நேராக மேலே பார்த்தால் போதும். மாசி மாதத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை வாக்கில் அது உச்சியில் நிற்கும். நள்ளிரவு முடியாது என்றால் மார்கழி முதல் வாரத்தில் விடியற்காலை ஐந்துக்குச் சற்று முன்பு பாருங்கள். வாசலில் கோலம் போட எழுந்தவர்கள் அண்ணாந்து பார்த்தால் மகம் அங்கே இருக்கும். 2027 பிப்ரவரியில் இதற்கு இன்னொரு சிறப்பும் சேர்கிறது. வியாழன் அந்த மாதம் 10-ஆம் தேதியை ஒட்டியும், செவ்வாய் 19-ஆம் தேதியும் சூரியனுக்கு நேர் எதிரே வருகின்றன, இரண்டும் சிம்மத்தில். அதாவது மகத்துக்குப் பக்கத்தில் இரண்டு கிரகங்களும் ஒன்றாக நம் தலைக்கு மேல் ஏறும். செவ்வாய் அந்த முறை அவ்வளவு நெருங்கி வராது; ஆனாலும் அந்தச் சிவப்பு கண்ணை இழுக்கும்.

பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும்தான் எனக்கு மிகப் பிடித்த மாதங்கள், தென்வானத்துக்காக. வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவைப் பிடித்து அப்படியே நீட்டினால் மஞ்சளாகச் சுவாதி. இன்னும் நீட்டினால் வெள்ளையாகச் சித்திரை. அந்த வாலின் நடுவில் வசிஷ்டரும் அருந்ததியும் ஒட்டி நிற்பார்கள். கல்யாணத்தில் பகலில் காட்டிய அருந்ததியை நிஜமாகவே பார்க்க இதுதான் காலம்.

சித்திரை நட்சத்திரம் நேர் தெற்கே உச்சத்தில் நிற்கும் நேரம்வரை காத்திருங்கள். ஏப்ரல் கடைசியில் இரவு பதினொன்றேகால், மே கடைசியில் ஒன்பதேகால். அப்போது அதிலிருந்து நேர் கீழே, இம்மி இடம் வலம் போகாமல், மூன்றரை முஷ்டி இறங்குங்கள். மங்கலான ஒரு நட்சத்திரம் மாதிரி ஒன்று தெரியும். பைனாகுலரை வைத்ததும் அது நட்சத்திரம் இல்லை, உருண்டையான ஒரு ஒளிப்பஞ்சு என்று தெரியும். ஒமேகா சென்டாரி. சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் ஒரே உருண்டையாகத் திரண்டு, 17,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கின்றன. பார்வையை அதன்மேல் நேராக வைக்காமல் சற்றே பக்கத்தில் வையுங்கள். விளிம்பு விரிந்துகொண்டே போவது தெரியும். வானத்தில் இப்படி உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டங்களில் இதைவிடப் பிரகாசமானது வேறில்லை. லண்டனில் இருப்பவர் இதைப் பார்க்க விமானம் ஏற வேண்டும். நமக்கு இது 31 டிகிரி உயரத்தில், தென்னை மர உச்சிக்கு மேலேயே நிற்கிறது.

மே நடுவில் ஒன்பதேகால் மணிக்குத் தென்சிலுவை செங்குத்தாக நிற்கும். அதற்கு இடது பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வரும். பின்னால் வருவது ஆல்பா சென்டாரி. 4.4 ஒளியாண்டு தூரம்தான். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது உண்மையில் ஒன்றையொன்று சுமார் 80 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும் இரண்டு சூரியன்கள். இதை முதலில் கண்டு சொன்னது நம் மண்ணிலிருந்துதான். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் இருந்த ழான் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார், ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்க்கப் போய், இது இரட்டை என்று குறித்து வைத்தார். இன்றைக்குச் சின்ன டெலஸ்கோப்பிலேயே இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

இந்த மாதங்களின் தொல்லை கோடை இடிமழை. சாயங்காலம் மலைமேல் மேகம் கூடி இடி இடித்தால் அன்றைக்குப் போச்சு என்று படுத்துவிட வேண்டாம். மழை கொட்டி ஓய்ந்து நள்ளிரவில் வெளுத்தால், காற்றில் இருந்த தூசி முழுக்கக் கழுவப்பட்டிருக்கும். வருஷத்திலேயே மிகத் தெளிவான வானம் அந்தச் சில மணி நேரத்தில்தான் கிடைக்கும். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பால்வீதியின் நடுப்பகுதி, தனுசும் விருச்சிகமும் இருக்கும் இடம், ஏப்ரல் கடைசியில் விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன்பும், மே கடைசியில் இரவு இரண்டு மணியை ஒட்டியும் தெற்கே கிட்டத்தட்ட 50 டிகிரி உயரத்தில் நிற்கும். அவ்வளவு உயரத்தில் இருப்பதால் சேலத்தின் வெளிச்சத்துக்கு மேலே தப்பிவிடுகிறது. ஆகவே அமாவாசையை ஒட்டிய மே மாத நள்ளிரவு என்றால் ஏற்காட்டில் பால்வீதி நிச்சயம் தெரியும். படத்தில் வருகிற ஊதாவும் சிவப்பும் எதிர்பார்க்க வேண்டாம். கண்ணுக்கு அது சாம்பல் நிறம், நடுவே கருப்புப் பிளவுகளோடு. கேட்டை சிவப்பாக மின்ன, விருச்சிகத்தின் கொடுக்கு வரை முழுத் தேளும் தெரியும். அம்மாப்பேட்டை மாடியிலிருந்து தேள் தெரியும், பால்வீதி தெரியாது.

ஆனி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம். பெர்சீட் என்ற ஆகஸ்ட் 12, 13 எரிநட்சத்திரப் பொழிவைப் பற்றி எல்லாப் பத்திரிகையும் எழுதும். நம் ஊரில் அன்றைக்குப் பெரும்பாலும் மேகம்தான், அது புறப்படும் புள்ளியும் நமக்கு வடக்கே தாழ்வு. அதற்காக லீவு போட வேண்டாம். ஐப்பசியில் மழைக்கு நடுவே வானம் திறந்தால் சனிக் கிரகத்தைப் பாருங்கள். 2025 மார்ச்சில் அதன் வளையம் விளிம்பு காட்டி மறைந்தாற்போல நின்றது. இப்போது ஆண்டுக்கு ஆண்டு அகன்று வருகிறது, 2032 வரை அகலும்.

எரிநட்சத்திரம் என்றால் நமக்கு ஜெமினிட்தான். டிசம்பர் 13 இரவு, 14 விடியல். மிதுன ராசியில் புனர்பூசத்துக்குப் பக்கத்திலிருந்து சிதறுவது போலத் தெரியும். அந்த இடம் இரவு இரண்டு மணிக்கு நமக்குத் தலைக்கு அருகிலேயே ஏறிவிடுகிறது. மற்றப் பொழிவுகள் பெரும்பாலும் வால்நட்சத்திரத் தூசு; இது ஃபேத்தான் என்ற சிறுகோளின் தூசு. இதற்கு மட்டும் ஏற்காடு வேண்டாம் என்பேன். டிசம்பரில் மலைமேல் மூடுபனி இறங்கினால் பக்கத்து மரமே தெரியாது. அதே நேரம் கீழே வாழப்பாடி பக்கம் வானம் பளிச்சென்று இருக்கும். 2026 டிசம்பரில் அமாவாசை 9-ஆம் தேதி, ஆக இளம்பிறை முன்னிரவிலேயே மறைந்துவிடும். இந்தப் பொழிவுக்கு அதைவிட நல்ல அமைப்பு கிடைக்காது. பைனாகுலர் எதுவும் வேண்டாம். பாய், போர்வை, ஒரு பிளாஸ்க் டீ. அடுத்தபடியாக மே 5, 6 விடியலில் வரும் ஈட்டா அக்வாரிட். ஹேலி வால்நட்சத்திரம் விட்டுப் போன தூசு அது, நம் அட்சரேகைக்கு நன்றாகவே தெரியும்.

பகலிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 தேதிகளை ஒட்டிச் சேலத்தில் சூரியன் நடுப்பகலில் சரியாகத் தலைக்கு மேல் வரும். செங்குத்தாக நிற்கும் எதற்கும் அப்போது நிழல் விழாது. நேரம் பன்னிரண்டேகால் மணியை ஒட்டி. மாடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து முன்னும் பின்னும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை படம் எடுக்கச் சொல்லுங்கள். நிழல் டம்ளரின் அடிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருவதை மகளே கண்டுபிடித்துவிடுவாள். சூரியனை நேரே பார்க்கக் கூடாது, பைனாகுலரில் ஒருபோதும் கூடாது; ஒரு நொடியே கண்ணைக் கெடுத்துவிடும். கிரகணத்தில் வீட்டிலிருந்தே பார்க்க ஏற்றது 2028 டிசம்பர் 31: முழுச் சந்திர கிரகணம், புத்தாண்டுக்கு முந்தைய இரவு பத்தரை மணியை ஒட்டி நிலா செம்பு நிறத்தில் உச்சிக்கு அருகே நிற்கும்.

நட்சத்திரம் கற்றுக்கொள்ள நம் வீட்டில் ஏற்கெனவே ஒரு கருவி தொங்குகிறது, தினசரி காலண்டர். அதில் இன்று ரோகிணி என்று போட்டிருந்தால், நிலா இன்று ரோகிணியின் பகுதியில் இருக்கிறது என்று பொருள். வானத்தை 27 ஆகப் பங்கிட்டு நிலவின் இடத்தைச் சொல்லும் முறை அது. நிலா ஒரு சுற்று வர 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. தாளைக் கிழித்ததும் பெயரைப் படித்துவிட்டு, இரவில் நிலாவுக்குப் பக்கத்தில் பிரகாசமாக என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும். பங்குகள் சம அளவு, நட்சத்திரங்கள் அப்படி இல்லை. அதனால் சில நாள் கொஞ்சம் தள்ளி இருக்கும். கார்த்திகை தீபத்தன்று முழு நிலா கார்த்திகைக் கூட்டத்தின் பக்கத்தில், தைப்பூசத்தில் கடகத்தில், மாசி மகத்தில் மகத்தின் அருகில், சித்ரா பௌர்ணமியில் சித்திரைக்குப் பக்கத்தில். பௌர்ணமி இரவு மங்கலான பொருள்களுக்கு ஆகாது. ஆனால் ராசி மண்டலத்தைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. மற்றபடி செல்போனில் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியைப் போட்டு ஊரைச் சேலம் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன நேரங்களைச் சரிபார்த்துவிடலாம்.

கடைசியாக டெலஸ்கோப். முதல் வருஷம் வாங்காதீர்கள். 10x50 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள்; பத்து மடங்கு பெருக்கும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர். வியாழனின் நான்கு நிலாக்கள், நிலாவின் பள்ளங்கள், கார்த்திகை, ஓரியன் நெபுலா, ஒமேகா சென்டாரி எல்லாம் அதில் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கை நடுங்கும்; முழங்கையை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு வருஷம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் டாப்சோனியன் வகை டெலஸ்கோப் (எளிய பெட்டி போன்ற தாங்கியில் உட்காரும் கண்ணாடி டெலஸ்கோப்), கண்ணாடியின் அகலம் 6 அங்குலம் போதும். 8 அங்குலத்தில் இன்னும் நிறையத் தெரியும்தான், ஆனால் 20 கிலோவுக்கு மேல் எடை. மாடிப்படி ஏற்றி இறக்குவது யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

அட்டைப்பெட்டியில் 525 மடங்கு என்று போட்டு விற்கும் சின்ன டெலஸ்கோப்பைத் தொடாதீர்கள். பயன்படும் பெருக்கத்துக்கு உச்சவரம்பு முன்கண்ணாடியின் மில்லிமீட்டரைப் போல இரண்டு மடங்கு. 70 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு 140. அதற்கு மேல் போனால் பெரிதாகும், தெளிவாகாது. சனியின் வளையம் பார்க்க 40, 50 மடங்கே போதும். கடையில் வைத்துப் பார்க்கும்போது குழாயை விரலால் லேசாகத் தட்டி, ஆட்டம் எத்தனை நொடியில் அடங்குகிறது என்று எண்ணுங்கள். மூன்று நொடிக்கு மேல் ஆடினால் அந்த ஸ்டாண்டில் எதையும் பார்க்க முடியாது. ஏற்காட்டுக்கு எடுத்துப் போனால் முன்கண்ணாடியில் பனி படியும். துடைக்காதீர்கள், மேல்பூச்சு கீறிவிடும். தடித்த கருப்பு அட்டையைக் குழாய் முனையில் சுருட்டி ஒரு சாண் நீளத்துக்கு நீட்டிவிட்டால் பனி படிவது வெகுவாகத் தள்ளிப்போகும்.